மூன்று வில்லியம்களில் உங்கள் வில்லியம் யார்?

கேள்வி இதுதான்: "என் கணவர் இங்கிலாந்துக்காரர். பிள்ளைகளுக்காக அவர் குடும்பத்தின் வம்சாவளியை எழுதத் தொடங்கினேன். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வில்லியம் என்ற முன்னோர் வரைக்கும் வந்துவிட்டேன். வயது 38, விவசாயக் கூலி, நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர், மூத்த பிள்ளைக்கு 11 வயது. அதற்கு மேலே போனால் அதே பெயரில், அதே குடும்பப் பெயரில் மூன்று ஞானஸ்நானப் பதிவுகள் வருகின்றன. இணையத்தில் பலருடைய வம்ச மரங்களில் முதல் ஆளைத்தான் போட்டிருக்கிறார்கள். நானும் அவரையே எடுத்துக்கொள்ளலாமா?"

வேண்டாம். மூன்று பேரில் எத்தனை பேர் வளர்ந்து ஆளானார்கள் என்று தெரியும்வரை யாரையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்துத் தேவாலயப் பதிவேடுகளில் ஒரு பெயரைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை. அந்த ஆள் நம்முடைய ஆள்தான் என்று காட்டுவதில்தான் வேலை இருக்கிறது. பத்துப் பையன்களைக் கூப்பிட்டால் அதில் ஜான், வில்லியம், தாமஸ் என்று பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும் காலம் அது. இணையத்தில் நாற்பது பேர் ஒரே ஆளைப் போட்டிருப்பதும் நாற்பது சாட்சி ஆகாது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அப்படியே எடுத்துப் போட்டிருப்பார்கள்.

நானும் இதில் விழுந்து எழுந்தவன்தான். ஒரு நண்பரின் குடும்பத்துக்காக எட்டு மாதம் உட்கார்ந்து 1690கள் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம் ஒருநாள் சும்மா அடக்கப் பதிவேட்டைப் புரட்டியபோது, நான் அத்தனை நாளும் பிடித்துத் தொங்கிய அந்தத் தாமஸ் ஐந்து வாரக் குழந்தையாகவே போய்ச்சேர்ந்திருந்தது தெரிந்தது. செத்துப்போன குழந்தைக்குப் பேரன் பேத்தி எடுத்து வைத்திருந்தேன். அதிலிருந்து, பிறந்தவனைத் தேடுவதற்கு முன் செத்தவனைத் தேடுவது என்று வைத்துக்கொண்டேன். அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு: ஒரு குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைத்துவிடுவார்கள். ஒரே பெற்றோருக்கு 1810-இல் ஒரு வில்லியமும் 1812-இல் இன்னொரு வில்லியமும் இருந்தால் முதல்வன் உயிரோடு இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சரி, உங்கள் ஆளுக்கு வருவோம். 1851 கணக்கெடுப்பு மார்ச் 30 அன்று நடந்தது. அன்று 38 வயது என்றால் 1812 மார்ச் கடைசிக்கும் 1813 மார்ச் கடைசிக்கும் நடுவில் பிறந்திருக்க வேண்டும். சொன்ன வயது சரியாக இருந்தால்தான் இதுவும். இரண்டு மூன்று வருடம் இப்படி அப்படி இருப்பது சகஜம், அதனால் 1809 முதல் 1816 வரை விரித்தே தேடுங்கள். அவரை 1841 கணக்கெடுப்பிலும் பிடித்திருப்பீர்கள். அதில் வயது 25 என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அந்த ஒரு கணக்கெடுப்பில் மட்டும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 28 வயதுக்காரர் 25 ஆகிவிடுவார். இது தெரியாமல் 1816-இல் பிறந்த ஒருவரைத் தேடி எடுத்துக்கொண்டவர்கள் நிறைய.

பதிவேட்டுக்குள் போவதற்கு முன் இன்னொரு தாள் வேண்டும். மூத்த பிள்ளைக்கு 11 வயது என்றால் கல்யாணம் 1838, 1839 வாக்கில் நடந்திருக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த திருமணம் என்றால், தேவாலயத்தில் நடந்திருந்தாலும், பதிவில் மணமகன், மணமகள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் இருக்கும். மூன்று ஞானஸ்நானங்களிலும் அப்பா பெயர் வேறு வேறாக இருந்தால், இந்த ஒரு கட்டமே இரண்டு பேரைக் கழித்துவிடும். அதனால் முதல் வேலை திருமணச் சான்றிதழ். முடிந்தால் அரசு அலுவலகப் பிரதியோடு நிற்காமல் தேவாலயப் பதிவேட்டின் படத்தையும் பாருங்கள். அரசிடம் இருப்பது பாதிரியார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுதி அனுப்பிய நகல். அசல் கையெழுத்து, அல்லது கையெழுத்துத் தெரியாதவர் போட்ட பெருக்கல் குறி, தேவாலயப் புத்தகத்தில்தான் இருக்கும். சாட்சிகளின் பெயரையும் விடாதீர்கள். ஆனால் அந்த ஊரில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே ஆள் சாட்சி போட்டிருந்தால் அவர் உறவுக்காரர் இல்லை, தேவாலய எழுத்தராக இருப்பார்.

கல்யாணம் 1837-க்கு முன்பே நடந்திருந்தால் அப்பா பெயர் கிடைக்காது. 1754 முதல் 1837 வரை இருந்தது வேறு படிவம். ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தபோது, யூதர்களும் குவேக்கர்களும் தவிர எல்லாரும் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயத்தில்தான் கல்யாணம் செய்ய வேண்டும் என்று ஆனது. ஒன்று ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும், இல்லையென்றால் பேராயரிடம் உரிமம் வாங்க வேண்டும். நம் ஊர் தேவாலயங்களில் இன்றைக்கும் ஞாயிறு ஆராதனையில் மூன்று வாரம் ஓலை வாசிக்கிறார்களே, அதேதான். பெண்ணும் பையனும் வேறு வேறு ஊர் என்றால் இரண்டு ஊரிலும் வாசிப்பார்கள். திருமணப் பதிவு பெண்ணின் ஊரில் மட்டும் இருந்தாலும், பையன் ஊரின் ஓலைப் புத்தகத்தில் அவன் பெயர் இருக்கும். வேற்றூரிலிருந்து வந்தவனின் சொந்த ஊரைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி. பலர் இந்தப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை.

இனி ஞானஸ்நானம். உங்கள் வில்லியம் ஒரு எல்லைக்கோட்டின் மேல் பிறந்திருக்கிறார். 1813 ஜனவரி 1 முதல் இங்கிலாந்து முழுக்க அச்சிட்ட படிவம் வந்தது. பக்கத்துக்கு எட்டுக் கட்டம். தேதி, குழந்தையின் பெயர், தாய் தந்தை பெயர், குடும்பப் பெயர், வசிக்கும் இடம், தந்தையின் தொழில், நடத்திய பாதிரியார். 1812 டிசம்பரில் ஞானஸ்நானம் ஆகியிருந்தால் பழைய புத்தகத்தில் "வில்லியம், ஜான் மற்றும் மேரியின் மகன்" என்று ஒற்றை வரியோடு முடிந்திருக்கும். ஒரு மாதம் தள்ளியிருந்தால் அப்பா கூலியாளா கொல்லரா என்பதும், எந்தக் குக்கிராமத்தில் குடியிருந்தார் என்பதும் கிடைத்திருக்கும். அதனால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாருடைய பதிவையும் எடுங்கள். 1814-இல் பிறந்த தங்கையின் கட்டத்தில் இருக்கும் தொழில் அண்ணனுக்கும் பயன்படும். 1838 கல்யாணப் பதிவில் தந்தை செருப்புத் தைப்பவர் என்று இருந்து, 1814-இல் ஒரு ஜான் மட்டும் செருப்புத் தைப்பவராக இருந்தால் வழி தெளிந்துவிடும்.

அடக்கப் பதிவேட்டின் 1813 படிவத்தில் பெயர், இருந்த ஊர், தேதி, வயது உண்டு. யாருடைய பிள்ளை என்பது இல்லை. "வில்லியம், 7 வாரம்" என்று மட்டும் இருக்கும். ஞானஸ்நானத் தேதியோடு கணக்குப் போட்டு நாம்தான் பொருத்த வேண்டும். உங்கள் மூன்று பேரின் ஊர்களிலும் 1809 முதல் 1840 வரை அடக்கங்களை ஒரு வரி விடாமல் பாருங்கள். சிற்றூர் என்றால் ஒரு மாலை வேலை. அப்புறம் எஞ்சியவர்களை 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடுங்கள். இரண்டாவது வில்லியம் தன் சொந்த ஊரிலேயே வேறு மனைவியோடு வாழ்ந்துகொண்டிருந்தால் அவர் உங்களவர் இல்லை. 1851-இல் பிறந்த ஊரையும் எழுதினார்கள் என்பதால் இந்தக் கழித்தல் நன்றாகவே நடக்கும்.

இந்தப் பதிவேடுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு உலகமறிந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். ஸ்ட்ராட்ஃபோர்டு பதிவேட்டில் 1564 ஏப்ரல் 26 அன்று ஒரு வரி: "குலியெல்முஸ் ஃபிலியுஸ் யொஹான்னெஸ் ஷேக்ஸ்பியர்". ஜான் ஷேக்ஸ்பியரின் மகன் வில்லியம். இலத்தீன் இலக்கணப்படி "யொஹான்னிஸ்" என்று வர வேண்டும், எழுதியவர் சறுக்கியிருக்கிறார். இது ஞானஸ்நானத் தேதி. பிறந்த தேதி எங்கும் இல்லை, ஏப்ரல் 23 என்று கொண்டாடுவது ஊகம். அதைவிட முக்கியம், நாம் பார்க்கும் அந்தப் புத்தகமே அசல் இல்லை. எட்டாம் ஹென்றி அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் பதிவேடு வைக்க உத்தரவிட்டபோது பெரும்பாலான ஊர்களில் காகிதத்தில் எழுதினார்கள். 1598 வாக்கில், அவற்றையெல்லாம் தோல் புத்தகத்தில் பெயர்த்தெழுதுங்கள், முக்கியமாக எலிசபெத் அரசி பட்டமேறிய காலத்திலிருந்தாவது எழுதுங்கள் என்று உத்தரவு வந்தது. "முக்கியமாக" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பலர் அதற்கு முந்தைய இருபது வருடத்தை விட்டுவிட்டார்கள். எத்தனையோ ஊர்களின் பதிவேடு 1558-இல் தொடங்குவது இதனால்தான். ஸ்ட்ராட்ஃபோர்டு புத்தகமும் அப்படிப் பெயர்த்தெழுதிய படிதான். அதே 1564 ஜூலையில், அடக்கப் பதிவுகளின் ஓரத்தில் "இங்கே கொள்ளைநோய் தொடங்கியது" என்று இலத்தீனில் ஒரு குறிப்பு இருக்கிறது. மூன்று மாதக் குழந்தை வில்லியம் அதில் பிழைத்தது.

அவருடைய கல்யாணப் பதிவு இதுவரை எந்தத் தேவாலயத்திலும் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது உஸ்டர் பேராயரின் அலுவலகத்து இரண்டு ஆவணங்கள். 1582 நவம்பர் 27 உரிமக் குறிப்பில் மணமகள் டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வாட்லி. மறுநாள் எழுதிய 40 பவுண்டு பிணைப்பத்திரத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆன் ஹாதவே. இதை வைத்துக்கொண்டு, ஷேக்ஸ்பியர் காதலித்தது ஒருத்தியை, கட்டியது இன்னொருத்தியை என்று கதை கட்டினார்கள். ஆனால் அந்த 27-ஆம் தேதி அதே அலுவலகத்தில் வாட்லி என்ற பெயருள்ள ஒருவரின் வழக்கும் நடந்திருக்கிறது. எழுத்தர் ஒரு பெயருக்கு இன்னொன்றை எழுதிவிட்டார் என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். அந்த உரிமக் குறிப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் உலகம் முழுக்க வாட்லி என்றே படித்திருப்போம். உங்கள் வில்லியமுக்கும் ஒரே ஒரு தாளை நம்பாதீர்கள். பெயரின் எழுத்துக்கூட்டலையும் நம்ப வேண்டாம். முந்தைய குறிப்பில் அவர் பெயர் Shaxpere, மறுநாள் பத்திரத்தில் Shagspere. எழுதத் தெரியாத கூலியாளின் பெயரைப் பாதிரியார் தன் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார்.

அதே குடும்பத்தில் தேதிச் சிக்கலும் உண்டு. இரட்டைக் குழந்தைகள் ஹாம்னெட், ஜூடித் ஞானஸ்நானம் பெற்றது 1585 பிப்ரவரி 2 என்று நாம் சொல்கிறோம், பதிவேட்டின் கணக்கில் அது 1584. ஏனென்றால் 1752-க்கு முன் இங்கிலாந்தில் வருடப் பிறப்பு மார்ச் 25. அப்பாவும் அம்மாவும் 1720 நவம்பரில் கல்யாணம் செய்து 1720 பிப்ரவரியில் பிள்ளை பெற்றால் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கலாம், காலத்தைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தப் பிப்ரவரி கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. இதைக் குறிக்கும்போது 1720/21 என்று இரண்டு வருடத்தையும் எழுதிவிடுங்கள். ஷேக்ஸ்பியரின் மூத்த மகள் சூசன்னாவுக்கும் கல்யாணமாகி ஆறு மாதத்தில் ஞானஸ்நானம் ஆனது, அதனால் அந்தச் சந்தேகம் ஒன்றும் அபூர்வமானதில்லை.

உங்களுக்கு 1733-க்கு முன்னே போக நேர்ந்தால் கொஞ்சம் இலத்தீன் தேவைப்படலாம். அந்த வருடத்திலிருந்துதான் ஆங்கிலத்தில் எழுதுவது கட்டாயமானது. பயப்பட வேண்டாம், இருபது சொல் தெரிந்தால் ஓட்டிவிடலாம். யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ் என்பது நம் கிறிஸ்தவர்களுக்கு ஆச்சரியமாகவும் இராது. 1653 முதல் 1660 வரை, அரசர் இல்லாத காலத்தில், பல ஊர்களில் பதிவுகள் அறுந்து கிடக்கும். அதைத் தாண்டிக் குதிப்பது கடினம்.

நடுவில் இன்னொரு பொறி. 1783 அக்டோபர் முதல் 1794 வரை ஒவ்வொரு ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுக்கும் 3 பென்ஸ் வரி. கூலிக்காரருக்கு அது சும்மா கொடுக்கும் காசு இல்லை. வரி வருவதற்கு முன் பிள்ளைகளை அவசர அவசரமாகக் கொண்டுவந்தார்கள், வந்தபின் தள்ளிப்போட்டார்கள். பரம ஏழைகளுக்கு விலக்கு இருந்ததால் பதிவின் பக்கத்தில் அதைக் காட்டும் ஓர் எழுத்து இருக்கும். வில்லியமின் அப்பா 1780களில் பிறந்திருந்தால், அவருடைய ஞானஸ்நானம் 1795-இல் நாலு பிள்ளைகளோடு சேர்ந்து ஒரே நாளில் நடந்திருக்கலாம். ஒரே நாளில் ஒரே பெற்றோருக்கு மூன்று நான்கு பேர் வந்தால் இரட்டைக் குழந்தை என்று எழுதிவிடாதீர்கள்.

எங்கே பார்ப்பது? ஃபேமிலிசர்ச் இலவசம். ஃப்ரீரெக் தளத்தில் தன்னார்வலர்கள் பெயர்த்தெழுதியவை இருக்கின்றன, அதுவும் இலவசம். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டும் சந்தா கட்ட வேண்டியவை. இங்கிலாந்தின் உள்ளூர் நூலகங்கள் பலவற்றில் கட்டணமின்றிப் பார்க்க விடுகிறார்கள், முதலில் அங்கே விசாரியுங்கள். தேடுபெட்டியில் வருவது வேறொருவர் படித்து எழுதிய பட்டியல் மட்டும். அதோடு நின்றுவிடாமல் பக்கத்தின் படத்தைத் திறந்து மேலும் கீழும் நாலு பதிவு படியுங்கள். எல்லா ஊரும் இணையத்தில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று வில்லியம்கள்தான் வந்தார்கள் என்றால் இணையத்தில் ஏறியது மூன்று என்றுதான் பொருள். நான்காமவர் ஏறாத பக்கத்து ஊர்ப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஊரை மையமாக வைத்து ஐந்தாறு மைல் சுற்றளவில் உள்ள எல்லாப் பாரிஷ்களையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பாரிஷ் என்றால் ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி, சி.எஸ்.ஐ.காரர்கள் சொல்லும் சேகரம். நார்ஃபோக்கில் அவை சின்னச் சின்னதாக நெருக்கி இருக்கும். நார்விச் நகரத்துக்குள் மட்டும் 30-க்கும் மேற்பட்ட இடைக்காலத் தேவாலயங்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனிப் பதிவேடு வைத்திருந்தது. பழைய புத்தகங்கள் இப்போது நார்விச்சில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில். புத்தகத்தில் பக்கம் கிழிந்தோ எலி கடித்தோ இருந்தால் நகலைக் கேளுங்கள். ஒவ்வொரு ஊரும் வருடாவருடம் பதிவுகளை நகலெடுத்துத் திருச்சபை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சில நேரம் அசலில் விட்டுப்போனது நகலில் இருக்கும்.

குடும்பம் பாப்டிஸ்ட் என்றால் குழந்தை ஞானஸ்நானமே இருக்காது. அவர்கள் பிறப்பை மட்டும் எழுதிவைத்தார்கள். இப்படித் திருச்சபைக்கு வெளியே இருந்தவர்களின் பதிவேடுகளில் பெரும்பகுதியை 1837-க்குப் பின் அரசு வாங்கிவைத்தது. இப்போது லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இத்தனையும் பார்த்து ஒன்றும் அசையவில்லை என்றால், கூலிக்காரக் குடும்பத்துக்கு நான் முதலில் கை வைப்பது ஏழைகள் சட்டத்தின் தாள்களில். 1662 சட்டப்படி, ஒருவன் கஞ்சிக்கு வழியில்லாமல் போனால் எந்தப் பாரிஷ் சோறு போட வேண்டும் என்பதற்கு 'செட்டில்மென்ட்' என்ற உரிமை இருந்தது. வேற்றூரில் வேலையில்லாமல் நின்றவனை இரண்டு நீதிபதிகள் முன் உட்காரவைத்து, எங்கே பிறந்தாய், யாரிடம் வருடக்கூலிக்கு இருந்தாய், எவ்வளவு சம்பளம், எப்போது கல்யாணம் என்று எல்லாம் கேட்டு எழுதுவார்கள். கல்யாணமாகாதவன் ஓர் ஊரில் முழு வருடம் வேலைக்கு இருந்தால் அந்த ஊர் உரிமை வந்துவிடும். அதைத் தடுக்க 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்த பண்ணைக்காரர்களும் இருந்தார்கள். பிரபுக்களுக்குக்கூடக் கிடைக்காத வாழ்க்கை வரலாறு, நாலு வரி படிக்கத் தெரியாத கூலிக்கு இப்படிக் கிடைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. திருமணச் சான்றிதழ் வந்ததும், தந்தை பெயர்க் கட்டம் வெறுமையாக ஒரு கோடு மட்டும் போட்டிருந்தால், தாய் தந்தை இருவர் பெயரும் உள்ள அந்த மூன்று வில்லியம்களும் பெரும்பாலும் உங்களவர் இல்லை. வில்லியமின் குடும்பப் பெயர் அம்மாவுடையதாக இருக்கும். அதே ஊர்ப் புத்தகத்தில் அம்மா பெயர் மட்டும் உள்ள பதிவைத் தேடுங்கள். பக்கத்தில் "முறை தவறிப் பிறந்தது" என்ற பொருளில் ஒரு சொல் இருக்கும். குழந்தைக்கு இரண்டாவது பெயராக ஏதாவது ஒரு குடும்பப் பெயர் ஒட்டியிருந்தால் அதைக் கண்ணில் வையுங்கள், பல நேரம் அது அப்பாவினுடையது. அந்தக் குழந்தை பிறந்த ஊரே அதற்குச் சோறு போட வேண்டும் என்பதால், அப்பன் யார் என்று கண்டுபிடிப்பதில் அம்மாவைவிடப் பாரிஷ் அதிகாரிகளுக்குத்தான் அவசரம். அவளை நீதிபதிகள் முன் சத்தியம் வாங்கிக் கேட்ட வாக்குமூலமோ, அந்த ஆளிடம் எழுதி வாங்கிய பத்திரமோ காப்பகத்தில் அந்த ஊர்த் தாள்களோடு கட்டி வைத்திருப்பார்கள். கிடைத்தால் அதில் அவன் பெயர், ஊர், தொழில் மூன்றும் இருக்கும். குழந்தைக்கு வாரம் எத்தனை ஷில்லிங் தரச் சொன்னார்கள் என்பதும் பெரும்பாலும் இருக்கும்.